ரோம வரலாற்றில் எந்தக் காலத்தை முதலில் எடுப்பது?

ரோம வரலாறு படிக்க ஆசைப்பட்டுத் தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, ஓநாயிடம் பால் குடித்த இரட்டையரில் ஆர்வத்தோடு தொடங்கி, நூறு பக்கங்களுக்குள் இத்தாலிய மலைவாழ் மக்களான சாம்னைட்டுகளுடனான போர்களில் சிக்கிப் புத்தகத்தை மூடியவர்கள் பலர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன். தவறு வாசகரிடம் இல்லை. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தில் இருக்கிறது. மரபு சொல்லும் கி.மு. 753 முதல், மேற்கில் கடைசிப் பேரரசர் பதவியிழந்த கி.பி. 476 வரை எண்ணினால் 1,228 ஆண்டுகள் வருகின்றன. அவ்வளவையும் ஒரே மூச்சில் கடக்க முடியாது. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் சில மாதங்கள் குடியிருந்து, பிறகு முன்னும் பின்னும் நகர்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆகவே எந்தக் காலம் மிகவும் சுவையானது என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, தம்முடைய முதல் ஆறு மாத மாலைப் பொழுதுகளை எங்கே செலவழிக்கலாம் என்பதைத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் நிகழ்ச்சிகளின் பரபரப்பை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்: எங்கே போர் பெரிது, எங்கே சதி அதிகம், எந்தப் பேரரசர் கிறுக்குத்தனத்தில் மற்றவர்களை விஞ்சினார் என்று பார்க்கிறார்கள். இந்தக் கணக்கில் எல்லா நூற்றாண்டுகளும் ஏறக்குறைய சமம்தான்; ரோமில் கொலைக்கு எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தக் கொலையை நமக்குச் சொல்பவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதில்தான் காலத்துக்குக் காலம் பெரிய வேறுபாடு இருக்கிறது. எனவே என் முதல் அளவுகோல், நிகழ்ச்சியின் கூப்பிடு தூரத்தில் நின்றவர் எழுதியது ஏதேனும் நமக்குக் கிடைத்திருக்கிறதா என்பது. மற்ற மூன்றும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகின்றன.

இரண்டாவது, செனட் சபைக்கு வெளியே வாழ்ந்தவர்கள், அதாவது பெண்கள், அடிமைகள், சிப்பாய்கள், கடைக்காரர்கள், கண்ணுக்குத் தெரிகிறார்களா என்பது. மூன்றாவது பெயர்ச் சுமை: ஒரு காலத்தைப் பின்தொடர எத்தனை பெயர்களை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வாசகர்கள் பாதியில் கைவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நான்காவது, அந்தக் காலம் ஒரு நல்ல கேள்வியை நம்மிடம் விட்டுச் செல்கிறதா என்பது.

இவற்றோடு, புத்தகத்தின் பின்னட்டையில் யாரும் சொல்லாத செலவுகளும் உண்டு. மூலங்களில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தின் வழியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்பது எல்லாக் காலங்களுக்கும் பொதுவான செலவு. காலத்துக்குக் காலம் மாறுபடும் செலவுகளை மட்டும் கீழே சேர்த்திருக்கிறேன்.

| காலம் | அருகில் நின்ற சாட்சி | சாமானியர் | பெயர்ச் சுமை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| அரசர்கள், தொடக்கக் குடியரசு (கி.மு. 753–264) | இல்லை | தெரிவதில்லை | நடுத்தரம் | கதையா வரலாறா என்ற ஓயாத ஐயம் |
| கார்த்தேஜ் போர்கள் (264–146) | பாலிபியஸ், பிற்பகுதிக்கு மட்டும் | சிறிதளவு | குறைவு | தோற்றவர் தரப்பு அழிந்துபோனது |
| குடியரசின் கடைசி நூறாண்டு (133–27) | சிசரோ, சீசர் | குறைவு | மிக அதிகம் | மேட்டுக்குடியின் பார்வை மட்டுமே |
| முதல் பேரரசர்கள் (கி.மு. 27–கி.பி. 96) | இறுதிக் கட்டத்துக்கு மட்டும் | பாம்பெய் நகரில் நிறைய | நடுத்தரம் | அரண்மனை வம்புகள் |
| ‘நல்ல’ பேரரசர்கள் (96–180) | இளைய பிளினி, மார்க்கஸ் அரேலியஸ் | மிக அதிகம் | குறைவு | தொடர்ச்சியான கதை இல்லை |
| மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடி (235–284) | மிகச் சிலர் | குறைவு | அதிகம் | போலி ஆவணங்கள் நிறைந்த மூலநூல் |
| டயோக்ளீஷியன் முதல் முடிவு வரை (284–476) | அம்மியானஸ், ஜூலியன் | ஓரளவு | அதிகம் | சமயத் தர்க்கங்கள் |

## அரசர்களும் தொடக்கக் குடியரசும்

ஏழு அரசர்கள், அவர்களில் கடைசியான டார்க்வினியஸ் துரத்தப்பட்ட கி.மு. 509, பாமர மக்கள் நகரை விட்டு வெளியேறி நடத்திய போராட்டம், கி.மு. 451–450இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம் எனக் கதைகள் அருமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை நமக்குச் சொல்லும் லிவி, அகஸ்டஸ் காலத்தவர். ரோமுலஸுக்கும் அவருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. வடக்கிலிருந்து வந்த கால்லியர் என்ற இனத்தார் நகரை எரித்தபோது பழைய பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பவை வேறு வகையானவை. பாலடைன் குன்றில் இரும்புக் கால மக்கள் குடிசைக்காகத் தோண்டிய தூண்குழிகள் இருக்கின்றன. ரோமின் பொதுக்கூடல் வெளியான மன்றத்தில் ‘கருங்கல்’ என்று அழைக்கப்படும் இடத்தின் அடியில், அரசனைக் குறிக்கும் சொல் பொறித்த மிகப் பழைய இலத்தீன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அந்த அரசர்கள் லிவி சொல்லும் அரசர்கள்தானா என்பதற்குச் சான்று அன்று. தொன்மங்களில் நாட்டம் உள்ளவருக்கும் அகழாய்வில் ஈடுபாடு உள்ளவருக்கும் இது ஏற்ற காலம். மற்றவர்கள் இதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

## கார்த்தேஜுடனான போர்கள்

ஒரே ஒரு கதையைத் தொடக்கம், நடு, முடிவு என்று படிக்க விரும்புபவருக்கு ரோம வரலாற்றில் இதைவிடச் செறிவானது இல்லை. எதிரி ஒருவரே: வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜ். களம் மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதி. நினைவில் வைக்க வேண்டிய பெயர்கள் பத்துக்குள் அடங்கிவிடும்.

சொல்பவரும் சாதாரணமானவர் அல்லர். கிரேக்கரான பாலிபியஸ் கி.மு. 167இல் பிணைக்கைதியாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்டவர், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வழியைத் தாமே போய்ப் பார்த்தவர், கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது ரோமத் தளபதியின் அருகில் நின்றவர். இத்தாலியை அடைந்தபோது ஹன்னிபலிடம் 20,000 காலாட்படையும் 6,000 குதிரைப்படையும் இருந்தன என்று அவர் எழுதுகிறார். அதற்கு ஆதாரம், தென் இத்தாலியின் லாசினியம் முனையில் ஹன்னிபலே பொறித்து வைத்துவிட்டுப் போன வெண்கலப் பட்டயம் என்றும், அதைத் தாம் நேரில் பார்த்ததாகவும் சொல்கிறார். எண்ணைக் கேட்டால் எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழங்கால ஆசிரியர் அரிது.

இந்தக் காலம் விட்டுச் செல்லும் கேள்வியும் கூர்மையானது. கி.மு. 216இல் கான்னே களத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50,000 ரோமர்கள் இறந்ததாக லிவி கணக்கிடுகிறார். பாலிபியஸின் கணக்கு 70,000. எந்தக் கணக்கை எடுத்தாலும், அன்றைய உலகில் வேறெந்த நகர அரசும் அதன்பின் சமாதானம் பேசியிருக்கும். ரோம் தூதரை நகருக்குள் விடவில்லை. பிடிபட்ட தன் வீரர்களைப் பணம் கொடுத்து மீட்க மறுத்தது. ஆனால் 8,000 அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தது. அச்சத்தின் உச்சத்தில் இரண்டு கால்லியரையும் இரண்டு கிரேக்கரையும் மாட்டுச் சந்தையில் உயிரோடு புதைத்தது. துணிவும் இரக்கமின்மையும் மூடநம்பிக்கையும் ஒரே மாதத்தில், ஒரே சபையின் தீர்மானங்களாக வருகின்றன. ரோம் ஏன் வென்றது என்பதற்கு விடை, ஹன்னிபலின் போர்த்தந்திரத்தைவிட, தோற்றபின்னும் ஆள் திரட்ட முடிந்த இத்தாலியக் கூட்டணி அமைப்பில்தான் இருக்கிறது என்பதைப் பாலிபியஸ் தரும் ஆள்கணக்கைப் பார்த்தாலே ஊகிக்கலாம்: ரோமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து 7,00,000க்கும் மேற்பட்ட காலாட்கள்.

மறைந்திருக்கும் செலவு, எதிர்த்தரப்பின் மௌனம். ஹன்னிபலுடன் பயணம் செய்து அவர் கதையை எழுதிய கிரேக்கர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதியது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கார்த்தேஜ் வீழ்ந்தபின் அதன் நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்ட செனட் சபை, ஒரே ஒரு நூலை மட்டும் இலத்தீனில் மொழிபெயர்க்க ஆணையிட்டது: மாகோ என்பவர் 28 தொகுதிகளில் எழுதிய வேளாண்மை நூல். வென்றவர்களுக்குத் தேவைப்பட்டது அது மட்டும்தான்.

## குடியரசின் கடைசி நூறாண்டு

என் அளவுகோல்களில் முதலாவது இங்கே தராசை ஒரேயடியாகச் சாய்த்துவிடுகிறது. கி.மு. 68 முதல் 43 வரை பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 900க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பல, வெளியிடும் எண்ணமின்றி, நெருங்கிய நண்பரான அட்டிகஸுக்கு எழுதப்பட்டவை. பழங்கால உலகில் வேறெந்தக் காலத்துக்கும் இத்தகைய சாட்சி இல்லை. பின்னால் வந்தவர்கள் வரலாறு எழுதும்போது முடிவு தெரிந்தே எழுதுகிறார்கள். சிசரோவுக்கோ நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. கி.மு. 49 ஜனவரியில் சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்த செய்தி வந்தபோது, நாம் பேசிக்கொண்டிருப்பது ரோம மக்களின் தளபதியைப் பற்றியா ஹன்னிபலைப் பற்றியா என்று கேட்கிறார். சீசரை எதிர்த்து நின்ற தளபதி பாம்பேயுடன் போவதா, ரோமிலேயே இருப்பதா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஊர்ப்புறத்தில் ஒதுங்கியிருப்பதா என்று நாளுக்கொரு கடிதத்தில் மாறி மாறித் தடுமாறுகிறார். அந்தத் தடுமாற்றத்தைப் படிக்கும்போது உள்நாட்டுப் போர் என்பது அம்பும் ஈட்டியும் அல்ல, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாத அறுபதை நெருங்கும் ஒருவரின் தூக்கமற்ற இரவுகள் என்பது புரிகிறது.

கி.மு. 45 டிசம்பரில் சீசர் தம் வீட்டுக்கு விருந்துக்கு வந்ததைச் சிசரோ சொல்லும் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தாளி தனியே வரவில்லை. 2,000 படைவீரர்கள் உடன் வந்தார்கள். வயலில் முகாம் அடிக்கப்பட்டது, வீட்டுக்குக் காவல் போடப்பட்டது. சீசர் குளித்தார், நன்றாகச் சாப்பிட்டார். பேச்சில் அரசியல் ஒரு சொல்லும் இல்லை, இலக்கியம் நிறைய இருந்தது. ‘இந்தப் பக்கம் வந்தால் மறுபடியும் வாருங்கள்’ என்று சொல்லத்தக்க விருந்தாளி அல்லர் அவர் என்று சிசரோ முடிக்கிறார். மூன்றே மாதத்தில், மார்ச் 15 அன்று, அந்த விருந்தாளி கொல்லப்பட்டார். மறு ஆண்டு டிசம்பரில், அந்த விருந்துக்கு ஏறக்குறைய இரண்டாண்டு கழித்து, சிசரோவின் தலையும் வெட்டப்பட்டது.

இதே கடிதங்கள்தான் நாம் பள்ளியில் கற்ற பிம்பங்களையும் கலைக்கின்றன. சீசரைக் கொன்றவர்களில் ஒருவரும் விடுதலை வீரராகச் சித்திரிக்கப்படுபவருமான புரூட்டஸ், சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்துக்கு ஆண்டுக்கு 48 விழுக்காடு வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார். தம் பெயரில் அல்ல, வேறு ஆட்களின் பெயரில். கடனை வசூலிக்கப் போன அவருடைய முகவர், குதிரைப்படையோடு போய் நகரசபையைச் சபைக் கட்டடத்துக்குள்ளேயே முற்றுகையிட்டதில் ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் இறந்தார்கள். அந்த மாகாணத்துக்கு ஆளுநராக வந்த சிசரோவுக்கு இது தெரியவருகிறது. அவர் விதித்திருந்த வட்டி உச்சவரம்பு 12 விழுக்காடு. ஆனாலும் அவர் புரூட்டஸைப் பகைத்துக்கொள்ளத் துணியாமல், வழக்கைத் தீர்க்காமல் அடுத்த ஆளுநருக்குத் தள்ளிவிட்டுப் போகிறார். கந்துவட்டியும், அதிகாரியின் தயக்கமும், கோப்பைத் தள்ளிவிடும் கலையும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று இங்கே தெரிந்துகொள்கிறோம்.

காலம் எழுப்பும் கேள்வியும் பெரிதே: சட்டப்படி நடந்துவந்த ஒரு குடியரசு, யாரும் அதை ஒழிக்கப்போவதாகச் சொல்லாமலே எப்படி ஒழிந்தது? கி.மு. 133இல் நிலச் சீர்திருத்தம் கோரிய டைபீரியஸ் கிராக்கஸைச் செனட் உறுப்பினர்களே அடித்துக் கொன்றது முதல் படி. கி.மு. 88இல் தளபதி சுல்லா தம் படையுடன் சொந்த நகரத்துக்குள்ளேயே புகுந்தது அடுத்த படி. இலவச தானியத்தைப் பெற்ற 3,20,000 பேர் பட்டியலைச் சீசர் 1,50,000 ஆகக் குறைத்தது போன்ற, வெளித்தோற்றத்தில் வெறும் நிர்வாகச் செய்திகளில்கூட, அதிகாரம் சபையிலிருந்து ஒரு மனிதரின் கைக்கு நகர்வது தெரிகிறது.

செலவுகளும் இங்கேதான் அதிகம். ரோமர்களிடம் ஆண்களுக்கான முதற்பெயர்கள் இருபதுக்குள்தான் புழக்கத்தில் இருந்தன. தந்தை பெயரே மகனுக்கும் வரும். தத்து எடுத்தால் பெயரே மாறிவிடும். கேட்டோ இருவர், கிராக்கஸ் இருவர், அந்தோனியஸ் பலர். ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொள்ளாமல் யாரும் இந்தக் காலத்தைக் கடந்ததாக எனக்குத் தெரியவில்லை. மற்றொரு குறை இதைவிடப் பெரியது. ஸ்பார்டகஸ் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது கபுவாவிலிருந்து ரோம் வரையிலான சாலையோரம் 6,000 பேர் சிலுவையில் அறையப்பட்டனர்; அவர்களில் ஒருவர் சொல்லியதாகக்கூட ஒரு வரி இல்லை. கால்லியப் போர்களைப் பற்றி நமக்கு விரிவாகச் சொல்பவர், அந்தப் போரை நடத்திய சீசர்தான். ஆகவே அருகில் நின்ற சாட்சி கிடைக்கிறார். ஆனால் அவர் எப்போதும் மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

## முதல் பேரரசர்கள்

பலரும் ‘ரோம்’ என்றதும் நினைப்பது இந்தக் காலத்தைத்தான்: அகஸ்டஸின் நிதானம், டைபீரியஸின் தனிமை, கலிகுலாவின் குதிரை, நீரோவின் தீ. கிளர்ச்சி ஊட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் புகழுக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளியை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. டாசிட்டஸ் இலத்தீனில் எழுதிய வரலாற்றாசிரியர்களில் மிகக் கூர்மையானவர். ஆனால் டைபீரியஸ் இறந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து எழுதினார். அவர் நூலில் கலிகுலாவின் ஆட்சி முழுவதும் தொலைந்துவிட்டது. எனவே கலிகுலாவைப் பற்றி நாம் கேட்கும் வம்புகளில் பல, பேரரசர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதிய சூட்டோனியஸ் ‘சொல்கிறார்கள்’ என்று எழுதியவை. குதிரையைக் கான்சல் என்ற மிக உயர்ந்த பதவியில் அமர்த்த நினைத்தார் என்பதும் அத்தகையதே. கி.பி. 64இல் தீப்பிடித்தபோது நீரோ ரோமிலேயே இல்லை, ஆன்டியத்தில் இருந்தார் என்றும், திரும்பிவந்து வீடிழந்தவர்களுக்குத் தம் தோட்டங்களைத் திறந்துவிட்டார் என்றும் டாசிட்டஸ் சொல்வதைப் படிக்காமலே அவர் வாசித்த பிடிலைப் பற்றிப் பேசுகிறோம். பிடில் அந்தக் காலத்தில் இல்லாத கருவி.

வம்பை நம்பினால் ஏமாறுவோம். வம்பு ஏன் இப்படிப் பரவியது என்று கேட்டால் இந்தக் காலம் மிகவும் சுவையாகிறது. டாசிட்டஸ் கொடுங்கோலரான டொமிஷியன் கீழ் பதவி உயர்வு பெற்றவர். அந்த ஆண்டுகளில் தம்மைப் போன்றோரின் கைகளே நல்லவர்களைச் சிறைக்கு இழுத்துச் சென்றன என்று எழுதுகிறார். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் அவர் டைபீரியஸைப் பார்க்கிறார்.

இந்த நூற்றாண்டை எடுத்துக்கொள்ள இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. கி.பி. 79இல் வெசூவியஸ் புதைத்த பாம்பெய் நகரின் சுவர்களில் தேர்தல் விளம்பரங்களும் காதல் கிறுக்கல்களும் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கின்றன. மற்றொன்று நமக்கு நெருக்கமானது. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போய்ச் சேர்கிறது என்று மூத்த பிளினி அங்கலாய்த்தது இந்த நூற்றாண்டில்தான். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கலங்களை அகநானூறு பாடும்போது அந்தக் கணக்கின் மறுபக்கம் தெரிகிறது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மீது உளிவெட்டு இருக்கிறது. ரோமில் தெய்வமாக்கப்பட்ட முகம் இங்கே எடைக்கு எடை பொன்னாக மட்டும் மதிக்கப்பட்டிருக்கிறது.

## ‘நல்ல’ பேரரசர்களின் காலம்

மனிதகுலம் மிக மகிழ்ச்சியாக இருந்த காலம், டொமிஷியன் இறந்ததிலிருந்து கொம்மோடஸ் பதவியேறியது வரை என்று 18ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கிப்பன் எழுதினார். அந்த மனிதகுலத்தில் அடிமைகளை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை, கி.பி. 165 முதல் பரவிய கொள்ளைநோயையும் மார்க்கஸ் அரேலியஸ் தன்யூப் கரையில் ஆண்டுக்கணக்காகப் போரிட்டதையும் சேர்த்தால் ‘மகிழ்ச்சி’ இன்னும் சுருங்குகிறது.

ஆனால் சாமானியரைத் தேடுபவருக்கு இதுவே முதல் இடம். பிரிட்டனின் வடக்கு எல்லையிலுள்ள விண்டோலாண்டா கோட்டையில், ஈர மண்ணுக்குள் அழியாமல் கிடந்த மெல்லிய மரச்சீட்டுகள் 1973 முதல் கிடைத்துவருகின்றன. ஒன்றில், யாருக்கோ காலுறைகளும் செருப்புகளும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பப்பட்டதாக எழுதியிருக்கிறது. மற்றொன்றில் கிளாடியா செவரா என்னும் பெண், செப்டம்பர் 11 அன்று வரும் தம் பிறந்தநாளுக்குத் தோழி லெபிடினாவை அழைக்கிறார். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகள் செவராவின் சொந்தக் கையெழுத்து. இலத்தீனில் பெண் ஒருவர் தம் கையால் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. இதே நூற்றாண்டைச் சேர்ந்த, இன்று வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒன்று, முசிறியிலிருந்து திரும்பிய ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்கைக் கணக்கிடுகிறது. மதிப்பு எழுபது லட்சம் செஸ்டர்ஸுக்குச் சற்றுக் குறைவு. செனட் உறுப்பினராவதற்குத் தேவையான சொத்து பத்து லட்சம் என்பதை நினைவில் வைத்தால், ஒரு கப்பலில் எவ்வளவு பணம் மிதந்தது என்பது விளங்கும்.

ஆட்சி எப்படி நடந்தது என்பதும் வேறெங்கும் இவ்வளவு அருகில் தெரிவதில்லை. பித்தினியா மாகாண ஆளுநரான இளைய பிளினி, நிக்கோமீடியாவில் பெருந்தீ நடந்தபின் 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று பேரரசர் ட்ராஜனிடம் கேட்கிறார். வேண்டாம் என்று பதில் வருகிறது: எந்தப் பெயர் வைத்தாலும், ஒன்றாகக் கூடியவர்கள் விரைவில் அரசியல் சங்கமாகிவிடுவார்கள்.

இதன் செலவு, பின்தொடர ஒரு கதை இல்லாமை. ட்ராஜன், ஹாட்ரியன், அந்தோனினஸ் பயஸ் ஆகியோருக்குத் தொடர்ச்சியான நல்ல வரலாறு எஞ்சவில்லை. கல்வெட்டு, காசு, கட்டடம், கடிதம் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். கதை இழுத்துச் செல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் இரண்டாம் வாரத்திலேயே சோர்ந்துவிடுவார்.

## மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடி

ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். அவர்களில் படுக்கையில் இறந்தவர்கள் மிகச் சிலர். கி.பி. 260இல் வலேரியனைப் பாரசீக மன்னர் சாப்பூர் உயிரோடு பிடித்தார். வெள்ளிக் காசில் வெள்ளி 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. சிரிய நகரமான பால்மைராவின் அரசி செனோபியா கிழக்கில் தனி ஆட்சி நடத்தினார். இவ்வளவு இருந்தும் இதை முதல் தேர்வாக யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. முக்கிய இலத்தீன் மூலமான பேரரசர் வரலாற்றுத் தொகுப்பு, ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகப் பாசாங்கு செய்கிறது. உண்மையில் பிற்காலத்தவர் ஒருவரே எழுதியது என்று 1889இல் ஹெர்மன் டெசாவ் வாதிட்டார். அதிலுள்ள கடிதங்களும் ஆணைகளும் பெருமளவு புனையப்பட்டவை. போலியைப் பிரித்தறிவதில் இன்பம் காண்பவருக்கு மட்டும் இது விருந்து. வலேரியன் சிறைப்பட்டதைச் சாப்பூர் தம் தரப்பிலிருந்து பாறையில் மூன்று மொழிகளில் பொறித்திருப்பதும், தோற்றுப்போன ரோமைப் பகைவரின் சொல்லில் படிக்கும் அரிய வாய்ப்பு.

## டயோக்ளீஷியன் முதல் முடிவு வரை

‘வீழ்ச்சி’ என்ற ஒரே சொல்லால் பலர் ஒதுக்கிவிடும் இந்தக் காலம், குடியரசின் கடைசி நூறாண்டுக்கு அடுத்தபடியாக என் தராசில் நிற்கிறது. காரணம் மறுபடியும் சாட்சியே. அந்தியோக்கியாவைச் சேர்ந்த அம்மியானஸ் ஒரு படை அதிகாரி, கி.பி. 359இல் அமிடா கோட்டையைப் பாரசீகர் வளைத்தபோது உள்ளே இருந்து தப்பி வந்தவர். அவர் எழுதிய 31 நூல்களில் முதல் 13 தொலைந்தன. 353 முதல் 378 வரையிலான பகுதி கிடைக்கிறது. பேரரசர் ஜூலியனோ, தம் தாடியைக் கேலி செய்த அந்தியோக்கியா மக்களுக்குப் பதிலாகத் தம்மையே கேலி செய்துகொண்டு ஒரு நூல் எழுதியவர். வேறெந்த ரோமப் பேரரசரும் இப்படிச் செய்ததாக நினைவில்லை.

கி.பி. 376இல் ஹூணர்களுக்கு அஞ்சி தன்யூப் ஆற்றைக் கடந்து அடைக்கலம் கேட்ட கோத்தர்கள் என்ற ஜெர்மானிய இனத்தாரை ரோம் ஏற்றுக்கொண்டது. உணவு வழங்க வேண்டிய அதிகாரிகள் நாய்களைப் பிடித்து, ஒரு நாய்க்கு ஒரு மனிதர் என்ற கணக்கில் அடிமைகளை வாங்கினார்கள். அவர்களுள் கோத்தத் தலைவர்களின் பிள்ளைகளும் இருந்தனர். இரண்டே ஆண்டில் அதே கோத்தர்கள் அட்ரியநோபிள் களத்தில் ரோமப் படையின் மூன்றில் இரண்டு பங்கை அழித்தனர்; பேரரசர் வாலென்ஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அகதிகளைப் பற்றிய இந்தப் பகுதியை அம்மியானஸ் எழுதியிருக்கும் விதத்துக்காகவே இந்த நூற்றாண்டைப் படிக்கலாம். 301இல் டயோக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவிலை நிர்ணயித்த ஆணையில், முடிதிருத்துபவருக்கு ஆளுக்கு 2 தினாரியஸ், பண்ணைக் கூலியாளுக்கு உணவோடு நாளுக்கு 25 என்று சாமானியரின் நாளும் தெரிகிறது. விலை மீறினால் மரண தண்டனை. விளைவு, சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்தன என்று அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் எழுதுகிறார்.

செலவுகள் இரண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த அவருடைய மகன்கள் மூவர்: கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்ஷியஸ், கான்ஸ்டான்ஸ். அடுத்தது, கிறிஸ்துவின் இயல்பு குறித்த தர்க்கங்கள். அவற்றைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது, ஏனெனில் பதவியும் நாடுகடத்தலும் அவற்றின்மேல்தான் நடந்தன.

## யார் எதை எடுப்பது

கதையின் விறுவிறுப்பு மட்டுமே வேண்டும், கையில் நேரம் குறைவு என்பவர் ஹன்னிபல் போரை எடுக்கட்டும்; ஒரு கோடை விடுமுறைக்குள் முடியும். அரசர்களைவிட அவர்களுக்குச் செருப்புத் தைத்தவரைப் பற்றி அறிய விரும்புபவருக்கு இரண்டாம் நூற்றாண்டு பொருந்தும். தமிழகக் கடல் வாணிகத்திலிருந்து ரோமுக்குள் நுழைய நினைப்பவர் முதலிரண்டு பேரரசு நூற்றாண்டுகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அவர் பேரரசர்களின் குணநலன்களில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. சீசரை முன்பே ஓரளவு அறிந்தவர் நேராக நான்காம் நூற்றாண்டுக்குப் போகலாம்.

இவற்றில் எதிலும் அடங்காத, முதன்முறையாகத் தொடங்கும் வாசகருக்கு என் விடை குடியரசின் கடைசி நூறாண்டுதான், பெயர்ச் சுமையை ஏற்றுக்கொண்டே. கிராக்கஸ் சகோதரர்களிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டியதில்லை. சிசரோ அட்டிகஸுக்குக் கி.மு. 50 டிசம்பரில் எழுதிய கடிதங்களை எடுத்து, அடுத்த ஜூன் மாதம் அவர் பாம்பேயைத் தேடிக் கப்பலேறும் வரை தேதி வரிசையில் படித்தால் போதும். அதற்குள் யாருடைய முன்கதை வேண்டும் என்பது வாசகருக்கே தெரிந்துவிடும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்.